செக்: ஒரு சொல்லும் அதன் உறவுக்காரர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "செக் வந்துருச்சாடா? தேதி சரியான்னு செக் பண்ணியா? நாளைக்கு செக்-இன் எத்தனை மணிக்கு?" அவளுக்குப் பக்கத்தில் செஸ் போர்டை விரித்து வைத்து என்னோடு ஆடிக்கொண்டிருந்த அவள் மகன், குதிரையை நகர்த்திவிட்டு "மாமா, செக்!" என்றான். இரண்டு விநாடி கழித்து அவனுக்கே சந்தேகம். "இது எல்லாமே ஒரே செக்கா மாமா?" அன்று தொடங்கிய கேள்விகள் அடங்கவில்லை. அவன் கேட்டவை, கேள்விப்பட்டு நண்பர்கள் கேட்டவை எல்லாம் கீழே.

உண்மையிலேயே எல்லாம் ஒரே சொல்தானா?

ஆமாம். வங்கியில் போடும் செக், சதுரங்கத்தில் சொல்லும் செக், சரிபார்க்கும் செக், கட்டம் போட்ட சட்டையின் செக், மாநில எல்லையில் நிற்கும் செக் போஸ்ட், விமான நிலையத்துச் செக்-இன் எல்லாமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூலம் பாரசீக மொழியின் 'ஷா'. பொருள், அரசன்.

பிரிட்டிஷ் ஆங்கிலம் வங்கிச் செக்குக்கு மட்டும் தனி எழுத்துக்கூட்டு கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசம் கரைந்துபோய் எல்லாம் 'செக்' ஆகிவிடுகிறது. தெரியாமலே நாம் செய்த நல்ல காரியம் இது. அறுநூறு, எழுநூறு வருஷமாகப் பிரிந்து வாழ்ந்த குடும்பத்தை ஒரே வீட்டில் குடியமர்த்திவிட்டோம்.

பாரசீக ராஜா எப்படி இங்கிலாந்து போனார்?

சதுரங்கப் பலகையில் ஏறித்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புப் படைக்குச் சமஸ்கிருதத்தில் சதுரங்கம் என்று பெயர். ஆட்டம் பாரசீகம் போனபோது 'சத்ரங்' ஆனது, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. பாரசீகர்கள் எதிராளியின் அரசனுக்குக் குறி வைத்ததும் "ஷா!" என்று எச்சரிப்பார்கள். "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்று அர்த்தம்.

அரபுகள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனது. 'ஷா' இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்குஸ்', பழைய பிரெஞ்சில் 'எஷெக்', ஆங்கிலத்தில் 'செக்'. அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான் ஆங்கிலத்தில் 'செஸ்' ஆனது. அதாவது செக்கின் பன்மை செஸ். ஆட்டத்தின் பெயருக்கே 'ராஜாக்கள்' என்றுதான் பொருள்.

ஜெர்மானியர்கள் இன்றும் 'ஷாக்' என்கிறார்கள், மூலத்துக்குக் கொஞ்சம் பக்கம். ரஷ்யர்கள் 'ஷாக்மாட்டி' என்று முழு வாக்கியத்தையே ஆட்டத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் அதே 'எஷெக்' தோல்வி என்ற பொருளிலும் வழங்குகிறது. 'ஷா' என்ற சொல்லே அரசாள்வதைக் குறிக்கும் பழைய இரானிய வேரிலிருந்து வந்தது. நமக்குத் தெரிந்த 'சத்திரியன்' அதன் ஒன்றுவிட்ட உறவு.

செக்மேட் என்றால் 'ராஜா செத்தான்' என்றுதானே?

அப்படித்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். அரபியில் 'மாத்த' என்றால் இறந்தான். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் மலைத்து நிற்பது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆட்டமே அதற்குச் சாட்சி. சிப்பாய் வெட்டுப்படும், யானை வெட்டுப்படும், ராஜாவை மட்டும் யாரும் பலகையை விட்டு எடுப்பதில்லை. அவருக்குப் போக இடமில்லை, அவ்வளவுதான்.

ராஜாவைத் தாக்குவது எப்படிச் 'சரிபார்ப்பது' ஆனது?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது.

எதிராளி செக் சொல்லிவிட்டால், நீங்கள் மனசில் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் அப்படியே நிற்க வேண்டியதுதான். முதலில் ராஜாவைக் காப்பாற்று, மற்றது பிறகு. ஆக, செக் என்பது 'சட்டென்று தடுத்து நிறுத்துவது' ஆனது. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தப் பொருள் வந்துவிட்டது. அங்கிருந்து 'அடக்கி வைப்பது, கட்டுக்குள் வைப்பது'. அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' இந்தக் கிளைதான். அங்கே யாரும் எதையும் சரிபார்ப்பதில்லை. ஒருவர் அதிகாரத்துக்கு இன்னொருவர் முட்டுக்கட்டை. ஒருவர் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒத்துப் பார்த்தால் தில்லுமுல்லைக் கட்டுக்குள் வைக்கலாம் இல்லையா? அந்த வழியில் பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் 'ஒத்துப் பார், சரிபார்' என்ற பொருள் வந்து சேர்ந்தது. பார்த்து முடித்ததும் போடும் டிக் குறிக்கும் அமெரிக்காவில் செக் என்றே பெயர்.

பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ராத்திரி நேரத்தில் ஒரு செக் போஸ்ட்டுக்குப் போங்கள். குறுக்கே இறங்கும் தடிதான் பழைய செக்: நில். அதற்குப் பிறகு டார்ச் விளக்கோடு வருகிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறாரே, அதுதான் புதிய செக்: காட்டு. இலங்கைத் தமிழர்கள் போர்க்காலத்தில் 'செக் பொயின்ற்' என்று சொன்ன இடங்களில் இந்த இரண்டாவது பாகம் மணிக்கணக்கில் நீண்டது. இரு கரையிலும் எழுத்துத் தமிழில் அதற்குச் 'சோதனைச் சாவடி' என்று பெயர். அந்தச் சொல்லில் பார்ப்பது மட்டும் இருக்கிறது, தடுப்பது இல்லை.

இங்கிலாந்து நிதி அமைச்சரை 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்களே, அதுவும் இதே செக்கா?

அதேதான். 'எக்ஸ்செக்கர்' என்றால் சதுரங்கப் பலகை. பகடி இல்லை. இங்கிலாந்து அரசின் கணக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டம் போட்ட துணி விரித்த மேசை மேல்தான் பார்க்கப்பட்டது.

1170-களின் கடைசியில், அரசரின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் அந்த அலுவலக நடைமுறையை லத்தீனில் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார். குருவும் சீடனும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் (அதுவும் கேள்வி-பதில்தான் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்). மேசை பத்தடிக்கு ஐந்தடி. மேலே வைத்தது கீழே விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கறுப்புத் துணி, அதில் ஒரு அடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கோடுகளுக்கு நடுவே ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபது, நூறு, ஆயிரம், பத்தாயிரம் பவுண்டு என்று ஏறிக்கொண்டே போகும். அவற்றில் வட்டக் காய்களை வைத்து நகர்த்துவார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? ரோமன் எண்ணில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், தெரியும். பூஜ்யம் கிடையாது, இடமதிப்பு கிடையாது. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு வேறு. காய் வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாக்கி எவ்வளவு என்று கண்ணுக்கு நேராகத் தெரியும்.

மாவட்ட வரியை வசூலித்துக் கொண்டுவரும் ஷெரீஃப் ஒரு பக்கம், பொருளாளர் எதிர்ப்பக்கம். ஒருவர் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரிசை, கட்டிய தொகைக்கு அடுத்த வரிசை. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்களுக்கு நடுவே சண்டை, இங்கே பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் நடுவே சண்டை என்று ஃபிட்ஸ்நைஜலே ஒப்பிடுகிறார். அந்த மேசை என்றோ போய்விட்டது, பதவிப் பெயரில் மட்டும் இன்னும் விரித்தே கிடக்கிறது.

வங்கிச் செக் எங்கிருந்து வந்தது?

அடிக்கட்டையிலிருந்து!

எங்கள் வீட்டு இரும்புப் பீரோவில் அப்பாவின் பழைய செக் புத்தகங்கள் கிடக்கின்றன. லீஃப் எல்லாம் கிழித்தாகிவிட்டது, இடது ஓரத்து அடிக்கட்டை மட்டும் தைத்தபடியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நீல மையில் தேதி, தொகை, "மளிகை", "ஸ்கூல் ஃபீஸ்", ஓரிடத்தில் "கைமாத்து – திரும்ப வரல". வங்கியிலிருந்து பாஸ்புக் அச்சாகி வந்ததும் அந்த அடிக்கட்டையோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பார்.

அந்த அடிக்கட்டைக்குத்தான் பதினெட்டாம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஆங்கிலத்தில் செக் என்று பெயர். கிழித்துக் கொடுத்த தாள் கள்ளத் தாளா, தொகையைத் திருத்தியிருக்கிறார்களா என்று ஒத்துப் பார்க்க உதவும் மறுபாதி, அதனால் செக். நாளடைவில் பெயர் அடிக்கட்டையை விட்டுக் கிழிந்த தாளோடு போய்விட்டது. ஆனால் பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. 1659-ல் லண்டனில் 400 பவுண்டுக்குக் கையால் எழுதிய ஒரு பண உத்தரவு இன்றும் இருக்கிறது. செக் செய்யும் வேலையைத்தான் அது செய்தது, பெயர்தான் அப்போது இல்லை.

இதற்கும் முந்தின கதையை விட எனக்கு மனசில்லை. காகித அடிக்கட்டைக்கு முன்னால் இங்கிலாந்து அரசு நிஜக் கட்டையையே அடிக்கட்டையாக வைத்திருந்தது. ஹேசல் மரக் குச்சியில் தொகையை வெட்டுகளாகச் செதுக்குவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அகலம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. கணக்குத் தீர்க்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். கள்ளத்தனம் செய்ய முடியாது.

நீளமான பாதியின் பெயர் 'ஸ்டாக்', அதாவது மரத்தின் அடிக்கட்டை. சின்னப் பாதி 'ஃபாயில்'. ஆங்கிலத்தில் அடிக்கட்டைக்கு வழங்கும் 'கவுன்டர்ஃபாயில்' என்ற சொல்லுக்குள்ளும் ஃபாயில் இருக்கிறது, அங்கே அதற்கு இலை என்று பொருள். நாம் 'அடிக்கட்டை' என்றோம், பணத்தாளுக்குக் 'காசோலை' என்றோம். ஒன்றில் கட்டை, இன்னொன்றில் ஓலை. யாரையும் பார்த்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. மரமும் ஓலையும் வைத்துக் கணக்கு எழுதிய ஊர்களுக்கு இதே உவமைதான் வரும் போல.

அந்தக் கணக்குக் குச்சிகளின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1826-ல் வழக்கொழிந்தன. 1834 அக்டோபர் 16 அன்று, சேர்ந்து கிடந்த குச்சிகளை லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். சூடு மிஞ்சி, பழைய நாடாளுமன்றமே எரிந்துபோனது.

'சக்' என்ற அரபுச் சொல்தான் செக் ஆனது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பாதி உண்மை. அரபு உலகத்தில் 'சக்' என்ற பணப்பத்திரம் இருந்தது, வணிகர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதன் பன்மைதான் இஸ்லாமிய நிதித்துறையில் இன்று புழங்கும் 'சுகூக்'. இதுவரை சரி. ஆனால் ஆங்கிலச் செக் அதிலிருந்து வந்தது என்பதற்கு அகராதிக்காரர்கள் ஒப்பும்படியான தடம் இல்லை. அடிக்கட்டை வழியாக வந்த தடம் ஆங்கில ஆவணங்களிலேயே படிப்படியாகத் தெரிகிறது. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது.

அதே எச்சரிக்கை நமக்கும் உண்டு. 'காசு'தான் 'கேஷ்' ஆனது என்று மார்தட்டுகிறோம். பணம் என்ற பொருளில் உள்ள ஆங்கிலக் 'கேஷ்' பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. ஆனால் இந்தியச் சில்லறை நாணயத்தை ஆங்கிலேயர்கள் 'கேஷ்' என்றார்களே, அது போர்த்துகீசியர் வாய் வழியாகப் போன நம் காசுதான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

பிரிட்டனில் ஒரு எழுத்துக்கூட்டு, அமெரிக்காவில் ஒன்று. எது சரி?

இரண்டும். அமெரிக்காவில் இருப்பது பழையது. 'க்யூ' எழுத்து வரும் பிரிட்டிஷ் வடிவம், எக்ஸ்செக்கரின் சாயலில் பிறகு ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட், குழப்பம் வராது என்பதால் இந்த வடிவத்தையே தான் எழுதுவதாகச் சொன்னார். நம் 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலியே இல்லை.

கட்டம் போட்ட சட்டையில் ராஜா எங்கே?

பலகையில்தான். சதுரங்கப் பலகை போல் கட்டம் உள்ளது எல்லாம் செக். துணிக்கு இந்தப் பெயர் 1400 வாக்கிலேயே வந்துவிட்டது. நம் ஊருக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு: 'மெட்ராஸ் செக்'. கைத்தறிப் பருத்தியில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் ஓடும் துணி. அதன் சாயம் நிற்காது. துவைக்கத் துவைக்க ஒரு நிறம் அடுத்ததில் இறங்கும். இங்கே அப்படிச் சாயம் போனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். 1960-களில் அமெரிக்காவில் "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்து விற்றார்கள், மாணவர்கள் தேடி வாங்கினார்கள்.

நம் துணிக்கடையில் யாரும் செக் என்பதைவிட 'கட்டம் போட்டது' என்றுதான் கேட்பார்கள். நல்லவேளை. அந்தச் சொல்லின் ஆங்கிலப் பன்மையைத் தமிழில் எழுதிக் கடை வாசலில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் அடித்தார்கள். தரை முழுக்கச் செக், நடுவே நகரும் காய்களாக எம்.டி.சி. பஸ்கள்.

செக்-இன், ரெயின் செக் எல்லாம்?

ஒத்துப் பார்க்க ஒரு பாதியை உங்களிடம் தருகிறார்களே, அந்தச் சீட்டுக்கும் செக் என்று பெயர். அமெரிக்க ரயில்களில் பெட்டியில் ஒரு பித்தளை வில்லையை மாட்டி, அதே எண் உள்ள இன்னொன்றைப் பயணியிடம் கொடுப்பார்கள். விமான நிலையத்தில் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தருகிற துண்டு அதன் பேரப்பிள்ளை. ரெயின் செக், பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. மழை வந்து ஆட்டம் நின்றால், கையிலிருக்கும் சீட்டின் மிச்சத்தைக் காட்டி இன்னொரு நாள் பார்க்கலாம். அமெரிக்க ஹோட்டலில் சாப்பாட்டு பில்லுக்கும் செக் என்றே பெயர்.

சைனீஸ் செக்கர்ஸ்?

சீனாவும் இல்லை, செக்கும் இல்லை. 1892-ல் ஜெர்மனியில் வெளிவந்த 'ஸ்டெர்ன்ஹால்மா' என்ற நட்சத்திரப் பலகை ஆட்டம் அது. அமெரிக்காவில் விற்பனைக்காக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பலகையைப் பாருங்கள், ஒரு சதுரம்கூடக் கிடையாது.

"எதிரணிக்கு செக் வைத்த தலைவர்" என்று பத்திரிகைகள் எழுதுவது சரியா?

எனக்குத் தெரிந்து இன்றைய பேச்சில் இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது இந்தத் தலைப்புகள்தான். "அவனுக்குச் செக் வெச்சுட்டாங்க" என்று டீக்கடையில் ஒருவர் சொல்லும்போது, அதில் சரிபார்ப்பும் இல்லை, பணமும் இல்லை. தலைவருக்குக் குறி வைத்தாகிவிட்டது, இனி அவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பாரசீகத்தான் "ஷா!" என்று சொன்னது இதைத்தான். ஆங்கிலத்தில் செக்கைக் 'கொடுப்பார்கள்'. 'வைப்பது' நம்முடையது. ஆப்பு வைப்பது, வேட்டு வைப்பது என்ற வரிசையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

செக் நாடு?

உறவில்லை. 'செக்' என்ற மக்களினத்தின் பெயர் அது.

அப்போ செக்கிழுத்த செம்மல்?

இதையும் அந்தப் பையன்தான் கேட்டான், சிரிக்காமல். செக்கு நம் சொல். பாரசீகமும் இல்லை, லத்தீனும் இல்லை. எள்ளையும் கடலையையும் போட்டு உலக்கையைச் சுழற்றி எண்ணெய் எடுக்கிற உரல். வழக்கமாக மாடு சுற்றும். 1908-ல் தண்டனை பெற்ற வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் அந்த மாட்டின் இடத்தில் பூட்டினார்கள்.